எல்லாக் குரங்கும் ஒன்றல்ல

மாமாக் கடையில் பேச்சு எப்படியோ அமெரிக்க அரசியல் கேலிச்சித்திரங்கள் பக்கம் திரும்பியது. கதை எழுதும் நண்பர் ஒருவர் கேட்டார்: "புஷ்ஷையும்தானே குரங்கா வரைஞ்சாங்க. அப்ப யாரும் வாயத் தொறக்கல. ஒபாமான்னதும் மட்டும் ஏன் இனவாதம்னு கத்துறாங்க?"

நியாயமான கேள்விதான். பிரிட்டனின் கார்டியன் நாளிதழில் ஸ்டீவ் பெல் பல ஆண்டுகள் புஷ்ஷைக் குரங்குச் சாயலில் வரைந்தார். மக்கள் சிரித்தார்கள். அதனால் பதில் சொல்லக் கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருக்கிறது.

நண்பர் மனதில் இருந்த சித்திரம் 2009 பிப்ரவரி 18 அன்று நியூயார்க் போஸ்ட் நாளிதழில் வந்தது. வரைந்தவர் ஷான் டெலோனாஸ். இரண்டு போலீஸ்காரர்கள். கீழே சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு சிம்பன்சி. அடுத்த பொருளாதார ஊக்குவிப்பு மசோதாவை எழுத இனி வேறு ஆளைத்தான் தேட வேண்டும் என்கிறார் ஒருவர்.

அந்த வாரச் செய்திகள் இரண்டை டெலோனாஸ் ஒட்டுப்போட்டிருந்தார். கனெக்டிகட்டில் வீட்டில் வளர்ந்த சிம்பன்சி ஒன்று ஒரு பெண்ணைக் கடித்துக் குதறியது. போலீஸ் அதைச் சுட்டுக் கொன்றது. மறுநாள் ஒபாமா அந்த ஊக்குவிப்பு மசோதாவில் கையெழுத்திட்டார். மோசமாக எழுதப்பட்ட மசோதாவைத்தான் நாங்கள் கிண்டலடித்தோம் என்றது பத்திரிகை. புண்பட்டவர்களிடம் மன்னிப்பு கேட்ட தலையங்கம், பழைய பகை தீர்க்க வந்தவர்களுக்கு மன்னிப்பு கிடையாது என்றும் சொன்னது. பிறகு உரிமையாளர் ரூபர்ட் மர்டோக்கே தன் பெயரில் மன்னிப்பு கேட்டார்.

டெலோனாஸ் ஒபாமாவை நினைத்து வரையவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அந்த ஊருக்கு ஒரு ஞாபகம் இருக்கிறது. 1906 செப்டம்பரில், இதே நியூயார்க்கில், பிராங்ஸ் விலங்குக்காட்சி சாலையின் குரங்குக் கூடத்தில் ஓர் இளைஞரை வைத்துக் காட்டினார்கள். பெயர் ஓட்டா பெங்கா. காங்கோவிலிருந்து கொண்டுவரப்பட்டவர். கூடவே ஓர் ஒராங்குட்டான். பார்க்கக் கூட்டம் அலைமோதியது. கறுப்பினப் போதகர்கள் போராடிய பிறகுதான் அவர் வெளியே வந்தார். ஊர் திரும்ப முடியாமலே 1916ல் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்தார்.

புஷ்ஷைக் குரங்கு என்றால் அந்த ஆளுக்கு அறிவு போதாது என்று அர்த்தம். அவருடைய பாட்டனைக் கூண்டில் வைத்து யாரும் டிக்கெட் கிழிக்கவில்லை. கறுப்பினத் தலைவர் ஒருவரின் மேல் அதே குரங்கு வந்து விழும்போது, நீ மனிதனே இல்லை என்று பல தலைமுறையாகச் சொல்லப்பட்டது மறுபடியும் சொல்லப்படுகிறது. கோடு அதேதான். அது விழும் உடல் வேறு.

இதை வைத்து ஒபாமாவுக்கு நேர்ந்த எல்லா அவமரியாதையையும் இனவாதக் கணக்கில் எழுதவும் எனக்குச் சம்மதமில்லை. 2009 செப்டம்பர் 9 அன்று காங்கிரஸின் கூட்டு அமர்வில் ஒபாமா பேசிக்கொண்டிருந்தபோது, தென் கரோலினா உறுப்பினர் ஜோ வில்சன் "பொய் சொல்றே!" என்று கத்தினார். அதன் பின்னால் இனவாதம் இருப்பதாக முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் சொன்னார். ஒபாமாவோ எதிர்ப்புக்கு இனம்தான் முக்கியக் காரணம் என்று ஏற்கவில்லை. வில்சன் மனதில் என்ன இருந்தது என்று நமக்குத் தெரியாது. ஆனால் அவர் அந்தப் பேச்சையாவது காதில் வாங்கியிருக்கிறார். பிறப்புச் சான்றிதழ் கேட்டு ஆண்டுக்கணக்கில் துரத்தியவர்கள் அதைக்கூடச் செய்யவில்லை. அவர்களுக்கு ஒபாமா அங்கே நிற்பதே பிரச்சினை. 2011 ஏப்ரல் 27 அன்று முழுச் சான்றிதழை வெளியிட்ட பிறகும் பலர் நம்பவில்லை.

செய்ததைக் கிண்டலடித்தால் அது அரசியல். இவன் யார் இங்கே நிற்க என்று கேட்டால் அது வேறு.

"அவன் அப்படி நெனச்சு வரையலன்னா?" என்று நண்பர் விடவில்லை. நம் எழுத்தாளர்களும் அடிக்கடி சொல்லும் பதில்தான் இது: நான் அந்த அர்த்தத்தில் எழுதவில்லை. இருக்கலாம். ஆனால் ஓட்டா பெங்காவை மறந்துவிட்டு அந்தச் சித்திரத்தைப் பார்க்க டெலோனாஸால் முடிந்தது. எல்லா வாசகர்களாலும் அது முடியாது.

நண்பர் டீயைக் குடித்து முடித்தார். ஒத்துக்கொண்டாரா என்று தெரியவில்லை. ஓட்டா பெங்காவின் பெயரை மட்டும் கைப்பேசியில் குறித்துக்கொண்டார்.