பாயின் பிழையும் சுக்கானின் உழைப்பும்

பிரான்சின் லெ சாப்ல்-தொலோன் துறையிலிருந்து நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை புறப்படும் வெண்டே குளோப் போட்டியில் படகுக்கு ஒருவர்தான். எங்கும் நிற்காமல், யாருடைய உதவியும் பெறாமல் உலகைச் சுற்றி வரவேண்டும். 1989-ல் தொடங்கிய முதல் போட்டியில் வென்றவருக்கு 109 நாள் பிடித்தது. 2024–25 போட்டியில் சார்லி தாலின் 64 நாள் 19 மணி நேரத்தில் கரை சேர்ந்தார். படகின் வடிவம், நீரிலிருந்து உடலைத் தூக்கும் இறக்கைகள், வானிலைக் கணிப்பு எல்லாம் இந்த வேகத்துக்குக் காரணம். ஆனால் அந்த நாட்களில் பெரும்பாலான நேரம் சுக்கானைப் பிடித்திருந்தது மனிதக் கை அன்று. ஆட்டோபைலட் என்னும் மின்னணுச் சுக்கான் கருவி.

இன்று சிறிய உல்லாசப் படகுகளிலும் அது வந்துவிட்டது. படகை நிலையாகவும் லாகவமாகவும் ஓடவைக்கும் என்றே அதை விற்கிறார்கள். இதில் பாதி உண்மை.

கருவி இயங்கும் விதம் இது. மின்காந்தத் திசைகாட்டி படகின் முகம் எந்தப் பக்கம் என்று சொல்கிறது. பாய்மர உச்சியில் உள்ள உணரி காற்றின் கோணத்தைத் தருகிறது. சுழல்மானி படகு எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதைக் காட்டுகிறது. கணினி இவற்றைக் கொண்டு கணக்கிட்டு, மோட்டார் அல்லது ஹைட்ராலிக் தண்டின் வழியே சுக்கானை அசைக்கிறது.

இதனால் கிடைக்கும் நன்மை பெரிது. சுக்கான் பிடிப்பவர் எவ்வளவு தேர்ந்தவரானாலும் இரண்டு மணி நேரத்தில் கவனம் சிதறும். கருவிக்கு அந்தச் சோர்வு இல்லை. தனியாள் படகைத் திருப்பும்போது ஒரே நேரத்தில் சுக்கானையும் இருபக்கப் பாய்க்கயிறுகளையும் கையாள வேண்டும். திருப்பும் வேலையைக் கருவி ஏற்றுக்கொண்டால் இரு கைகளும் கயிற்றுக்குக் கிடைக்கும். லாகவம் கூடுகிறது என்ற பேச்சு இந்த இடத்தில் முழுக்கச் செல்லும்.

நிலைத்தன்மை வேறு கதை. படகைச் சாயாமல் காப்பது அடியில் கனத்துடன் தொங்கும் ஏராவும், உடலின் அகலமும், காற்றுக்கேற்பச் சுருக்கிய பாயும். கருவி இவற்றில் எதையும் தருவதில்லை. காற்று வலுத்த பிறகும் முழுப் பாயோடு ஓடும் படகு காற்று வரும் திசைக்கே முகத்தைத் திருப்பப் பார்க்கும். கையில் சுக்கான் இருந்தால் அந்த இழுப்பைத் தோள் உடனே உணரும்; பாயைச் சுருக்கத் தோன்றும். கருவியோ முறையிடாது. சுக்கானை ஐந்து பாகை திருப்பும், பிறகு பத்து, பிறகு பதினைந்து. அவ்வளவு திரும்பிய சுக்கான் நீரில் பிரேக்காகவே வேலை செய்கிறது: வேகம் குறைகிறது, மின்சாரம் வீணாகிறது. அந்த நிலையில் பின்னாலிருந்து ஒரு பேரலை தூக்கினால், மேலும் திருப்பச் சுக்கானில் இடமே இருக்காது. படகு பக்கவாட்டில் புரண்டு படுத்துவிடும். படகின் அசைவு மாறிய பின்பே கருவி விழிக்கும். வரும் அலையைக் கண்ணால் பார்த்து முன்கூட்டியே சுக்கானைத் தொடும் திறமை இன்னும் மனிதனிடம்தான் இருக்கிறது.

இன்னொரு குறை மின்சாரம். 12 மீட்டர் படகில் கருவி சராசரியாக 4 ஆம்பியர் இழுத்தாலே நாளுக்கு 96 ஆம்பியர்-மணி ஆகிறது. மின்கலம் தீர்ந்தால் கருவியும் இல்லை. மின்சாரமே வேண்டாத மாற்று ஒன்று முன்பே உண்டு. 1960-ல் நடந்த தனியாள் அட்லாண்டிக் போட்டியில் பிரான்சிஸ் சிசெஸ்டரும் பிளாண்டி ஹாஸ்லரும் காற்றின் விசையாலேயே சுக்கானை இயக்கும் தகட்டுப் பொறிகளோடு சென்றார்கள். பழைய முறையில் நடத்தப்படும் இன்றைய கோல்டன் குளோப் போட்டி மின்னணுச் சுக்கானைத் தடை செய்து அந்தப் பொறியை மட்டுமே அனுமதிக்கிறது. 2022–23 போட்டியில் இரண்டாமிடம் பெற்ற இந்தியக் கடற்படை முன்னாள் அதிகாரி அபிலாஷ் டோமி, பழுதடைந்த தன் பொறியைப் படகில் கிடைத்ததைக் கொண்டே நடுக்கடலில் சரிசெய்து ஓட்டினார். கருகிய மின்சுற்றை அப்படிச் செப்பனிட முடியாது. அதே சமயம், காற்றுப் பொறி காற்றின் கோணத்தை மட்டுமே பின்பற்றும். காற்று மாறினால் படகும் திசை மாறும். எந்திரத்தால் ஓடும்போது அதனால் பயனில்லை.

மிகக் கடுமையான குறை, கருவி தரும் நிம்மதியிலேயே இருக்கிறது. 2021 ஜனவரியில் போரிஸ் ஹெர்மன் வெண்டே குளோப் முடிவுக்கோட்டுக்கு ஏறத்தாழ 90 கடல்மைல் தொலைவில் உறங்கிக்கொண்டிருந்தபோது அவர் படகு மீன்பிடிக் கப்பலில் மோதியது. எச்சரிக்கைக் கருவிகள் இருந்தும் அவை அவரை எழுப்பவில்லை. தனியாக ஓட்டுபவர் கடலில் விழுந்தால் நிலைமை இன்னும் கொடியது. மணிக்கு 6 கடல்மைல் வேகத்தில் ஓடும் படகு ஒரு நிமிடத்தில் 185 மீட்டர் போய்விடும். கருவி அதைத் துளியும் பிசகாமல் நேர்வழியில் கொண்டுபோகும்.

எனவே ஆட்டோபைலட்டை ஒதுக்க வேண்டியதில்லை; அதைப் பழகும் வரிசையை மாற்ற வேண்டும். முதலில் கையால் சுக்கான் பிடித்து, பாயைத் திருத்தித் திருத்திப் படகு தானாகவே நேராக ஓடும் நிலையைக் கண்டுகொள்ள வேண்டும். அதன் பிறகே பொத்தான். திரையில் சுக்கானின் கோணம் ஏறினால் கருவியின் உணர்திறனைக் கூட்டுவதைவிடப் பாயைச் சுருக்குவதே சரி. தனியாக இருப்பவர் பாதுகாப்புப் பட்டையைப் படகோடு பிணைக்காமல் மேல்தளத்துக்கு வரக் கூடாது. பயிற்சிப் பள்ளிகள் இந்த ஒழுங்கைக் கட்டாயமாக்க வேண்டும். சீராகப் பாய் கட்டிய படகில் இக்கருவி மிகச் சிறந்த துணை. பாய் பிழைத்த படகில், அந்தப் பிழை கண்ணுக்குத் தெரிவதைத் தள்ளிப்போடும் ஆபத்து அது.