மீன்கொத்திக்குத் திரும்பக் கிடைத்த வெள்ளை

கலர் பென்சிலில் தப்புப் போட்டால் போட்டதுதான், அழிக்க முடியாது. பள்ளிக்கூட ஓவிய வகுப்பில் காதில் விழுந்த இந்த வாக்கை நாற்பது வயது தாண்டும்வரை நம்பியிருந்தேன். அப்படி நம்பி எத்தனை படங்களைப் பாதியில் கிழித்துப் போட்டேன் என்று நினைத்தால் இப்போது வயிறு எரிகிறது. அத்தனையையும் காப்பாற்றியிருக்கலாம். மேஜை டிராயரில் கிடக்கும் டேப்பே போதுமாயிருந்திருக்கும்!

எனக்குக் கண் திறந்தது ஒரு வெண்மார்பு மீன்கொத்தியால். கிணற்று மேட்டிலும் கரண்டுக் கம்பியிலும் உட்கார்ந்திருக்குமே, அதே பறவை. சாக்லேட் நிறத் தலை, பளீர் நீல முதுகு, பழுத்த மிளகாய் போல அலகு, இவற்றுக்கு நடுவே வெளுத்துக் காயப்போட்ட வேட்டி மாதிரி மார்பு. கலர் பென்சில் படத்தில் வெள்ளை என்றால் அது பேப்பர்தான். வெள்ளைப் பென்சிலை மேலே எவ்வளவு தீட்டினாலும் அந்த வெளிச்சம் வராது. அதனால் ஆறு சாயங்காலமாக அந்த மார்பைத் தொடாமல், கைக்கு அடியில் ஒரு தாளை வைத்துக் கண்ணும் கருத்துமாகக் காத்துவந்தேன்.

ஏழாம் நாள் அலகுக்குக் கடைசிச் சிவப்பை அழுத்தும்போது முனை உடைந்தது. தெறித்த துணுக்கு மார்பில் விழ, என் கை அதன் மேலேயே போய்விட்டது. ஒரு விரற்கடை நீளத்துக்குச் சிவப்புக் கோடு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ரப்பரைத் தேடிக்கொண்டே, ஓவியக் கல்லூரியில் படிக்கும் அக்கா மகளுக்கு போன் போட்டேன்.

“சித்தி, ரப்பரைக் கீழே வைங்க. தேய்க்கவே தேய்க்காதீங்க. ப்ளூ டாக் இருக்கா? டேப் இருக்கா?”

இரண்டும் இருந்தன. அந்தப் பிள்ளை போனிலேயே சொல்லச் சொல்ல நான் செய்தேன்.

ஏன் தேய்க்கக் கூடாது? கலர் பென்சிலின் உயிரே மெழுகு. நிறப்பொடியை மெழுகில் பிணைத்துத்தான் பென்சில் செய்கிறார்கள். பாலிக்ரோமோஸ் போன்ற சிலவற்றில் எண்ணெயின் பங்கு அதிகம். ரப்பரால் தேய்த்தால் சூடு பிறக்கிறது, மெழுகு இளகுகிறது, நிறம் பேப்பர் நாருக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதிலும் சிவப்பு பொல்லாதது, கறை விடாமல் போகாது. தேய்க்காமல் விட்டால் அந்த நிறம் பேப்பரின் சொரசொரப்பு மேல் சும்மா தொற்றிக்கொண்டுதான் இருக்கும். தொற்றிக்கொண்டிருப்பதை ஒற்றி எடுக்க வேண்டியதுதானே!

முதலில் தூசு. விரலால் தட்டாமல், ஊதாமல், காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் பொடியைத் தள்ளினேன். பிறகு ப்ளூ டாக். சுவரில் படம் ஒட்ட வாங்கும் அதே நீலப் பசைதான். உள்ளங்கையில் உருட்டிப் பதப்படுத்தி, நுனியைக் கூராக்கி, சிவப்பின் மேல் ஒற்றி எடுத்தேன். எடுத்துப் பார்த்தால் நீலத்தின் நுனியில் ரோஜா நிறம்! மறுபடி பிசைந்து சுத்தமான பக்கத்தைத் திருப்பி இன்னொரு ஒற்று. பத்துப் பதினைந்து முறையில் பாதிச் சிவப்பு கிளம்பிவிட்டது.

அடுத்து டேப். இதைச் சொல்லும்போது இப்போதும் மயிர்க்கூச்செறிகிறது. பார்சல் கட்டும் டேப் கூடாது, பேப்பர் தோலையே உரித்துவிடும். மேலே எழுதினால் எழுத்துப் பிடிக்கும் மங்கலான மேஜிக் டேப்தான் வேண்டும். ஒரு துண்டு கிழித்து, முதலில் புடவைத் தலைப்பில் ஒரு முறை ஒட்டி எடுத்துப் பசையின் வேகத்தைக் குறைத்துக்கொண்டேன். பிறகு படத்தின் மேல் மெல்லப் படரவிட்டேன், அழுத்தவில்லை. மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவை எடுத்து, டேப்புக்கு மேலே, மிச்சமிருந்த கோட்டின் மீது மட்டும் ஓட்டினேன். பேனா முனை எங்கே போகிறதோ அங்கே மட்டும் பசை பிடிக்கிறது. ஓரத்திலிருந்து டேப்பைத் தாழ்வாக, மிக மெதுவாகத் தூக்கினேன். சிவப்புக் கோடு அப்படியே அச்சுப் பிசகாமல் டேப்பில் ஏறி வந்தது! பக்கத்தில் இருந்த நீலச் சிறகின் ஓரம் அசையவே இல்லை. புதுத் துண்டுகளோடு இன்னும் மூன்று முறை செய்தேன். மார்பு திரும்பி வந்துவிட்டது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஓர் இளஞ்சிவப்புச் சாயல் மட்டும் இருந்தது. அதன் மேல் வெளிர்ச் சாம்பலில் இறகு நிழல் நாலு கோடு போட்டதும் அதுவும் மறைந்தது.

அன்றைக்கு நான் தூங்கவே இல்லை. பழைய படங்களை எல்லாம் பரணிலிருந்து இறக்கினேன்.

இதில் எனக்குப் பிடித்ததே, இது திருத்தும் வேலையோடு நிற்பதில்லை என்பதுதான். முழுக்கத் தீட்டிய பழுப்பின் மேல் டேப் வைத்துப் பேனாவால் மெல்லிய கோடுகள் இழுத்தால், தூக்கும்போது வெளிர் மயிரிழைகள் கிடைக்கின்றன. பூனையின் காதோரத்துக்கு, பாட்டியின் நரைக்கு, ஆட்டுக்குட்டியின் நெற்றிக்கு எல்லாம் இப்படித்தான் போடுகிறேன். பென்சிலால் ஒவ்வொரு மயிருக்கும் இடம் விட்டு வரைந்தால்கூட இவ்வளவு இயல்பாக வராது என்று அடித்துச் சொல்வேன்.

ஆனால் ஒன்று, முதலிலிருந்தே இளங்கையாகத் தீட்டியிருக்க வேண்டும். பேப்பரின் சொரசொரப்பு மூடிப் பளபளக்கும்வரை அழுத்திவிட்டால் டேப் எடுப்பது கொஞ்சம்தான். அப்போது கட்டர் பிளேடின் வளைவால், இறகு தடவுவது போல, மேல் மெழுகைச் சுரண்டலாம். 300 ஜிஎஸ்எம் கனமுள்ள பேப்பர் தாங்கும், நோட்டுப் பேப்பர் தாங்காது. அழுத்தித் தீட்டிய கரும்பகுதியில் சில நாள் கழித்து வெண்மையாகப் பூத்தால் பயப்படாதீர்கள். பூஞ்சை இல்லை, மெழுகு மேலே கசிகிறது. மெத்தென்ற பருத்தித் துணியால் லேசாகத் துடைத்தால் நிறம் பழையபடி ஆழமாகத் தெரியும்.

மீன்கொத்தி இப்போது கூடத்துச் சுவரில் இருக்கிறது. கண்ணில் ஊசிமுனை அளவு ஒரு வெள்ளைப் புள்ளி மின்னும். அந்தக் கண்ணை முழுக்கக் கறுப்பாகத் தீட்டி முடித்துவிட்டு, கடைசியில் டேப் வைத்து, பேனாவால் ஒரே ஒரு குத்துக் குத்தி எடுத்த புள்ளி அது.