சர்ச்சையும் விவாதமும்: எல்லையோர அலுவலகப் பேச்சில் ஓர் ஆங்கிலச் சொல்

பணியிடப் பேச்சில் ஆங்கிலச் சொற்கள் மிகுவதைச் சோம்பலின் விளைவாகவோ பகட்டாகவோ கருதுவது நம்மிடையே வழக்கம். இக்கருத்து எல்லாச் சூழலுக்கும் பொருந்துமா என்பதைக் கேரள–தமிழக எல்லையிலுள்ள பனச்சமூடு போன்ற ஊர்களை முன்னிறுத்தி ஆராய இடமுண்டு.

1956 நவம்பர் 1இல் விளவங்கோடு உள்ளிட்ட தென் திருவிதாங்கூர் வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆட்சி எல்லை பிரிந்தபோதும் பேச்சு பிரியவில்லை. ‘சொல்’ என்னும் பொருளில் ‘பறை’ என்ற பழந்தமிழ் வினை இப்பகுதித் தமிழிலும் மலையாளத்திலும் இன்றும் வழங்குகிறது. ஆனால் வீட்டுப் பேச்சில் உள்ள இவ்வொற்றுமை அலுவலக மொழியில் இல்லை. அங்கு ஆளப்படும் வடசொற்கள் இருமொழிக்கும் பொதுவானவை, பொருள்களோ வேறு.

மலையாளத்தில் ‘சர்ச்ச’ என்பது கருத்துப் பரிமாற்றம். தமிழில் ‘சர்ச்சை’ என்பது பூசலுக்குரிய கருத்து வேறுபாடு. இதற்கு நேர்மாறாகத் தமிழில் ‘விவாதம்’ முறையான ஆய்வுரையைக் குறிக்க, இக்கால மலையாளத்தில் அச்சொல் பூசலைக் குறிக்கிறது. ஆக, இரு சொற்களும் எல்லையைக் கடக்கையில் தம்முள் இடம் மாறிக்கொள்கின்றன. ‘யோகம்’ அங்கே கூட்டம். இங்கே நற்பேறு அல்லது தவநெறி. ‘ஈ விஷயம் யோகத்தில் சர்ச்ச செய்து’ என்னும் எளிய குறிப்பைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர், அமைதியாக நடந்த ஒரு கூட்டத்தைப் பூசலாக்கிவிடுவார்.

இந்நிலையில் தமிழர் ‘டிஸ்கஸ் பண்ணினோம்’ என்பதும், மலையாளி ‘டிஸ்கஸ் செய்து’ என்பதும் வெறும் பகட்டு ஆகா. இருபுறமும் ஒரே பொருள் தரும் சொல்லை நாடுவதன் பயன் அது. மேலும், அச்சொல் பேசுவோரின் தகுதி வேறுபாட்டையும் மறைக்கிறது. ஈ, தா, கொடு என்னும் மூன்றையும் இரப்போரின் தகுதிக்கேற்பத் தொல்காப்பியர் வகுத்தார். அலுவலகத்திலும் மேலவர் ‘பணிக்கிறார்’. கீழவர் ‘பணிந்து தெரிவிக்கிறார்’. கோப்பின் ஓரத்தில் மேலலுவலர் எழுதும் ‘பேசுக’ என்பதன் உண்மைப் பொருள் ‘என்னிடம் வருக’ என்பதே. ‘டிஸ்கஸ்’ என்றால் இருவரும் ஒரு மேசைக்கு வந்துவிட்ட தோற்றம் உண்டாகிறது.

ஆங்கிலமும் இவ்வகை மயக்கத்திற்கு விலக்கன்று. ‘டேபிள்’ என்னும் வினைக்கு, பிரிட்டனில் ஒரு பொருளை ஆய்வுக்கு முன்வைத்தல் என்றும், அமெரிக்காவில் அதை ஒத்திவைத்தல் என்றும் பொருள். இரண்டாம் உலகப் போரில் இதனால் இருநாட்டுப் படைத்தலைமையினரிடையே நீண்ட வாக்குவாதம் எழுந்ததைச் சர்ச்சில் தம் போர் வரலாற்றில் பதிவு செய்துள்ளார்.

எனினும், பேச்சில் உதவும் ஆங்கிலச் சொல் எழுத்திலும் உதவும் என்று கொள்வதற்கில்லை. ‘டிஸ்கஸ் பண்ணினோம்’ என்பதில் கருத்துக் கேட்டனரா, பேரம் பேசினரா, முடிவெடுத்தனரா என்பது தெளிவாவதில்லை. தமிழில் ‘கலந்து பேசினர்’, ‘பேச்சுவார்த்தை நடத்தினர்’, ‘பேசி முடித்தனர்’ என்பன தனித்தனிச் செயல்கள். ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே நிகர்ச்சொல் தரும் கலைச்சொற் பட்டியல்களின் குறை இங்குதான் வெளிப்படுகிறது. அவை எச்சூழலில் எச்சொல் என்பதைச் சொல்வதில்லை. அண்டை மொழியில் அச்சொல் பெறும் பொருளையும் சுட்டுவதில்லை. ‘கலந்தாய்வு’ என்னும் நல்ல ஆக்கம்கூடத் தமிழகத்தில் கல்லூரிச் சேர்க்கை, ஆசிரியர் இடமாறுதல் ஆகியவற்றின் நடைமுறைப் பெயராகச் சுருங்கி வருகிறது.

எனவே இருமொழி ஆவணங்களைப் பெயர்ப்போர் ‘சர்ச்ச’ என்பதைக் ‘கலந்துரையாடல்’ என்றும், தமிழ் ‘விவாதம்’ என்பதைச் ‘சர்ச்ச’ என்றும் பெயர்ப்பதே பொருந்தும். எல்லையோர மக்களுக்குக் கூட்டக் குறிப்பு என்பது சாலை, குடிநீர், பள்ளி பற்றிய முடிவு. அதில் ஒரு சொல் பிறழ்ந்தால், இசைந்தவர் எதிர்த்தவராகப் பதிவாகிவிடுவார்.