திரைக்குப் பின்னால் ஒரு நினைவு

கோவைக்கும் பாலக்காட்டுக்கும் நடுவே ரயிலில் போகிறவர்களுக்குக் கஞ்சிக்கோடு என்றால் ஆலைகள்தான் ஞாபகத்துக்கு வரும். அந்த ரயில் பாதையிலேயே இன்னும் மேற்கே போனால், ஷொர்ணூர் அருகே கூனத்தறை. கம்பனை மனப்பாடமாகச் சொல்லும் புலவர்களின் ஊர் அது. அவர்களில் மூத்தவரான கிருஷ்ணன்குட்டிப் புலவர் 2000-இல் மறைந்தார். அவர் மகன் ராமச்சந்திரப் புலவர் 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார்.

பகவதி கோயில்களின் கூத்துமாடத்தில் 21 விளக்குகள் ஏற்றி, தோல்பாவைகளின் நிழலில் இராமகதை நடக்கும். தாரிகனோடு போரிட்டதால் இராவண வதத்தைக் காணாத பத்திரகாளிக்காக இந்தக் கூத்து என்பது ஐதீகம். எதிரே ஒருவரும் இல்லாத இரவிலும் கதை நிற்காது. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1996-இல் வெளியிட்ட ஆங்கில நூல் திரைக்குப் பின்னே போய் உட்கார்ந்து இதைக் கவனித்தது. கேட்க ஆளில்லாதபோது கலைஞர்கள் தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்கிறார்கள் என்று அது காட்டியது.

நம் ஆவணப்படங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. நிழல் அழகு, விளக்கு அழகு, முதியவரின் சுருக்கம் விழுந்த கை அழகு. அதோடு படம் முடிந்துவிடும்! "பாட்டுதான் புத்தகத்துல இருக்கே, அப்புறம் என்ன?" என்று சிலர் கேட்கலாம். பாட்டு இருக்கிறது, சரி. பாட்டுக்குப் பின் ஒருவர் கேள்வி போட, மற்றவர் மலையாளம் கலந்த தமிழில் விரித்துச் சொல்கிறாரே, அந்த உரை? ஆடல்பற்று என்னும் ஏடுகள் உண்டுதான். ஆனால் அன்றைய இரவில் எதை நீட்டுவது, எதைச் சுருக்குவது என்பது அந்த முதியவரின் நாக்கில் மட்டுமே இருக்கிறது. நினைவு என்பது பாட்டை ஒப்பிப்பது மட்டுமல்ல, கேட்ட கேள்விக்கு அந்தக் கணமே பதில் எடுப்பதும்தான்.

ஆர்.வி. ரமணி 2003-இல் நிழற்பாவைக் கலைஞர்களைத் தேடிப்போய் எடுத்த ஆவணப்படத்துக்கு 'நீ எங்கே' என்று பெயர். அந்தக் கேள்வி நமக்கும் பொருந்தும். ஒரு புலவரைப் படம் பிடிப்பவர் கேமராவைத் திரைக்குப் பின்னால் வைத்து, ஒரு முழு இரவையாவது வெட்டாமல் பதிய வேண்டும். எதிரே உட்கார்ந்து கேட்க இரண்டு பேரையும் கூட்டிப்போனால் இன்னும் நல்லது.

ஊர் விட்டு வந்த நாமும் தாத்தா பாட்டியைப் படம் பிடித்து வைத்திருக்கிறோம். அவர்களிடம் கேள்வி கேட்டோமா?