சாளரத்தில் பூச்சாடி: போஸ்கார்ட்டின் மலரோவியமும் அதன் பொருளும்

'சாளரத்தில் பூச்சாடி' என்பது மூத்த அம்புரோசியஸ் போஸ்கார்ட் ஏறத்தாழ 1618-ஆம் ஆண்டில் மரப்பலகையில் எண்ணெய் வண்ணம் கொண்டு தீட்டிய ஓவியம். நெதர்லாந்தின் ஹேக் நகரில் உள்ள மௌரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இது வைக்கப்பட்டுள்ளது. இதன் உயரம் 64 செ.மீ, அகலம் 46 செ.மீ. ஸ்டில் லைஃப் எனப்படும் அசையாப்பொருள் ஓவியம் ஐரோப்பாவில் ஒரு தனி வகையாக வளரத் தொடங்கிய காலத்தைச் சேர்ந்தது இது. மலரோவியம் ஒன்றுக்குப் பொருள் கூறுவது எப்படி என்ற கேள்விக்கு இவ்வோவியம் நல்லதொரு சோதனைக் களம்.

ஓவியரும் காலமும்

போஸ்கார்ட் 1573-இல் ஆண்ட்வெர்ப் நகரில் பிறந்தார். சீர்திருத்தக் கிறித்தவர்களான அவரது குடும்பத்தினர் சமய ஒடுக்குமுறைக்கு அஞ்சி வடக்கே மிடில்பர்க் துறைமுக நகருக்குக் குடிபெயர்ந்தனர். அந்நகரில் செல்வர்கள் அரிய செடிகளை வளர்க்கும் தோட்டங்கள் வைத்திருந்தனர். 1602-இல் தொடங்கப்பட்ட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கிளையும் அங்கு இருந்தது. தொலைநாட்டுப் பூவும் கடற்சிப்பியும் வந்து சேர்ந்த ஊரில்தான் போஸ்கார்ட்டின் கலை உருவானது. அவர் 1621-இல் ஹேக் நகரில் இறந்தார்.

ஓவியத்தில் காண்பவை

வளைவான கல் சாளரம் ஒன்றில் கண்ணாடிக் கோப்பை ஒன்று நிற்கிறது. அதில் துலிப், ரோஜா, ஐரிஸ் முதலிய பல பூக்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டுள்ளன. சாளரத் திண்டில் ஒரு கார்னேஷன் பூவும் கடற்சிப்பிகளும் கிடக்கின்றன. பின்னால் வெகுதொலைவில் ஒரு நிலக்காட்சி நீலமாக மங்குகிறது. நிலம் கீழே சிறுத்துக் கிடக்க, பூங்கொத்து வானத்தை மறைத்து எழுந்து நிற்கிறது. எந்தப் பூவும் மற்றொன்றை முழுதாக மறைக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒளி சமமாகக் கிடைக்கிறது. சற்று நெருங்கிப் பார்த்தால், இலைகளில் பூச்சி அரித்த ஓட்டைகள் தெரியும்.

அகராதி வழி விளக்கமும் அதன் எல்லையும்

இத்தகைய ஓவியங்களை விளக்குவோர் பெரும்பாலும் ஒரு பட்டியலிலிருந்து தொடங்குகின்றனர். ரோஜா மரியாளைக் குறிக்கும்; கார்னேஷன் சிலுவையின் ஆணிகளை நினைவூட்டும்; சிப்பி செல்வத்தின் அடையாளம். இப்பொருள்கள் அக்கால ஐரோப்பாவில் வழங்கியவையே. ஆனால் அதே ரோஜா காதல் தெய்வமான வீனசுக்கும் உரியது. இரண்டில் எது இங்கே பொருந்தும் என்பதை அகராதி சொல்லாது. ஓவியம்தான் சொல்ல வேண்டும். போஸ்கார்ட் ரோஜாவைத் தனியே உயர்த்திக் காட்டவில்லை. கூட்டத்தில் ஒன்றாகவே வைத்திருக்கிறார்.

துலிப் பூவை 'துலிப் வெறி'யோடு இணைத்துப் பேசுவதும் வழக்கம். துலிப் கிழங்குகளின் விலை எல்லை மீறி உயர்ந்து சரிந்தது 1636-37 குளிர்காலத்தில். ஓவியமோ அதற்கு ஏறத்தாழ 18 ஆண்டுகள் முந்தியது. பின்னால் நடந்ததை முன்னால் வரைந்தவருக்கு எச்சரிக்கையாக ஏற்றிச் சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. துலிப் அன்றே அரிய, விலையுயர்ந்த பூ என்பது மட்டும் உண்மை.

நிலையாமை பற்றிய விவாதம்

'பூ வாடும், வாழ்வும் வாடும்' என்பது இவ்வகை ஓவியங்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் மற்றொரு பொருள். இதை வெளிப்படையாகச் சொன்ன ஓவியங்கள் உண்டு. ஜாக் டி கெய்ன் 1603-இல் தீட்டிய, இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள ஓவியத்தில் மண்டை ஓட்டின் அருகே ஒரு துலிப் நிற்கிறது. அங்கே ஐயத்திற்கு இடமில்லை. போஸ்கார்ட்டின் சாளரத்திலோ மண்டை ஓடு இல்லை, மணற்கடிகாரமும் இல்லை. அரிக்கப்பட்ட இலைகள் மட்டுமே உள்ளன.

கலை வரலாற்றாசிரியர்களும் இதில் ஒத்த கருத்துடையவர்கள் அல்லர். எடி டி யோங் போன்றோர் டச்சு ஓவியங்களில் மறைபொருளான நீதிகளைத் தேடினர். ஸ்வெட்லானா ஆல்பர்ஸ் 1983-இல் வெளியிட்ட நூலில், கண்ணால் கண்டதைத் துல்லியமாகப் பதிவதே அக்கலையின் அடிப்படை என்று வாதிட்டார்.

அக்காலத்தவர் ஒருவரின் சான்று இங்கு உதவும். மிலான் நகரக் கர்தினால் ஃபெடரிகோ பொரோமியோ, போஸ்கார்ட்டின் சமகாலத்தவரான யான் பிரூகலின் மலரோவியங்களைச் சேகரித்தவர். பனி சூழ்ந்த குளிர்காலத்தில் உண்மைப் பூக்கள் இல்லாதபோது ஓவியப் பூக்கள் தமக்கு இன்பம் தந்ததாக அவர் எழுதினார். சமயத் தலைவரான அவரும் ஓவியப் பூக்களில் இன்பத்தைக் கண்டதை மறைக்கவில்லை.

பூக்காத பூங்கொத்து

பொரோமியோவின் சொல் ஓவியத்தின் உள்ளே இட்டுச் செல்கிறது. துலிப் வசந்தத்தில் பூப்பது. ரோஜாவும் கார்னேஷனும் கோடைக்கு உரியவை. அக்காலத்தில் இவை அனைத்தும் ஒரே நாளில், ஒரே கோப்பையில், ஒருசேர விரிந்து நின்றிருக்க இயலாது. ஓவியர் வெவ்வேறு மாதங்களில் தனித்தனிப் பூக்களைப் பார்த்து எழுதிய படிகளைக் கொண்டே கொத்தை அமைத்தார். அதனால்தான் ஒரே பூ அதே சாய்வில் அவரது வெவ்வேறு ஓவியங்களில் மீண்டும் தோன்றுகிறது. ஒவ்வொரு பூவும் மெய். கொத்து மட்டும் கற்பனை.

ஆகவே இவ்வோவியத்தின் முதன்மைக் குறியீடு எந்தத் தனிப் பூவிலும் இல்லை. சேர முடியாதவற்றைச் சேர்த்துவைத்த அமைப்பிலேயே அது உள்ளது. காலம் பிரித்துவைத்தவற்றைக் கலை ஒன்றுகூட்டுகிறது. அதே வேளையில் பூச்சி அரித்த இலையையும் ஓவியர் விட்டுவிடவில்லை. இதழுக்குத் தந்த கவனத்தையே ஓட்டைக்கும் தந்திருக்கிறார். கற்பனையான கொத்து எனில் பழுதற்ற இலைகளையே வரைந்திருக்கலாம். அப்படிச் செய்யாததில்தான் அவருடைய நேர்மை தெரிகிறது. அழிவு தொடங்கிவிட்டது; ஆனால் அது மேலும் நகராதபடி நிறுத்தப்பட்டுள்ளது.

மதிப்பீடு

நிலையாமை என்ற ஒற்றைச் சொல்லால் இவ்வோவியத்தை மூடிவிட்டால் அதன் மகிழ்ச்சி விடுபடும். வெறும் அழகு என்று கொண்டால் அரித்த இலை விடுபடும். இரண்டையும் ஒருசேரக் காண்பதே நிறைவான வாசிப்பு. பிற மலரோவியங்களைப் படிக்கும் மாணவருக்கும் இம்முறை பயன்படும்: பூவின் பொருள் என்ன என்று கேட்பதற்கு முன், அது எங்கே, எவற்றோடு, எந்த நிலையில் வைக்கப்பட்டுள்ளது என்று பார்க்க வேண்டும்.