ஓட்டை யார் ஒட்டுவது?

மட்பாண்டப் பாதுகாப்பு என்றால் பசையும் பஞ்சும் சார்ந்த கைவேலை, கருத்தியலுக்கு அங்கே இடமில்லை என்றுதான் நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எந்த ஓடு கண்ணாடிப் பெட்டிக்குள் போகும், எது சாக்கில் கிடக்கும், யார் கை அதைத் தொடலாம் என்பவை அதிகாரம் தீர்மானிக்கிற விஷயங்கள். பிள்ளைச்சாவடியிலிருந்து இதை எழுதுகிறேன். தெற்கே புதுச்சேரியைத் தாண்டினால் அரிக்கமேடு.

1945இல் மார்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தார். இத்தாலியின் அரெஸ்ஸோ பெயரால் அறியப்படும் செந்நிறக் கலத்தின் சில்லுகள்தான் அவருக்குக் கடிகாரம். அதை வைத்தே உள்ளூர்ப் பானைகளுக்கும் காலம் குறித்தார். 'இந்தோ-ரோமானிய வணிக நிலையம்' என்று 1946 அறிக்கையில் பெயர் சூட்டினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் மறுபடி அகழ்ந்தபோது, ரோமானிய வணிகத்துக்கு முன்பே அங்கே ஆள் புழக்கம் இருந்தது தெரியவந்தது. மத்தியதரைக் கடலிலிருந்து வந்ததாக வீலர் கருதிய ரூலெட் வகைக் கலத்தின் களிமண்ணை ஆராய்ந்த விஸ்வாஸ் கோக்டே, 1997இல் கீழைக் கங்கைப் பகுதியைச் சுட்டினார். ஓடு ஒரு பிரதி. அதை மறுவாசிப்புச் செய்ய வேண்டுமானால் முதல் வாசகன் அதன்மேல் மெருகு பூசிக் கெடுக்காமல் விட்டிருக்கணும்.

கன்சர்வேட்டர் கற்கும் பாடம் முழுக்க இந்த அடக்கம்தான். கடலோர மண்ணில் கிடந்த ஓட்டில் உப்பு ஏறியிருக்கும். காயும்போது அது நுண்துளைக்குள் படிகமாகி மேற்தோலையே உரித்துவிடும். தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்து, அதன் மின்கடத்தலை அளந்து உப்பு இறங்கியதா என்று பார்க்கணும். அரைவேக்காட்டு ஓடாக இருந்தால் ஊறவைத்ததிலேயே குழைந்துபோகும். சுண்ணாம்புப் படிவை அமிலத்தால் எடுக்கப்போனால் களிமண்ணில் இருக்கிற சுண்ணாம்பும் கூடவே போகும். ஒட்டுவதற்குப் பாராலாய்ட் பி-72 என்ற பிசின். அசிட்டோன் விட்டால் பிரிந்துவிடும். இல்லாத பகுதியைப் பிளாஸ்டரால் நிரப்பினால் ஆறடி தூரத்தில் கண்ணை உறுத்தக்கூடாது, ஆறங்குலத்தில் தெரிந்துவிடணும்.

தமிழ் எம்.ஏ. படித்தவர்களுக்கு இந்த அறம் அந்நியமில்லை. 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ.வே.சா. சிதைந்த அடிகளைச் சொந்தச் சரக்கால் நிரப்பவில்லை, புள்ளி வைத்தார். அதே புறநானூற்றில் தாழி வனையும் குயவரை விளித்த பாட்டும் உண்டு. அதை மனப்பாடம் பண்ணித்தான் தேறினோம். நான் படித்த வகுப்பில் ஒரு ஓட்டைக்கூட யாரும் கையில் கொடுக்கல.

சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்புக்கூடம் 1930இல் பரமசிவன் பொறுப்பில் தொடங்கியது. அதற்குப் புகழ் தேடித்தந்தவை செப்புத் திருமேனிகள். லக்னோவில் தேசியப் பாதுகாப்பு ஆய்வகம் 1976இல் வந்தது. தில்லியில் தேசிய அருங்காட்சியக நிறுவனம் 1989இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. அங்கே போய்ச் சேர அறிவியல் படிப்பும் ஆங்கிலமும் பயணச் செலவும் வேணும். சில்லின் உட்புறத்து விரல்வரியைப் பார்த்தே வாய் எந்தப் பக்கம், அடி எந்தப் பக்கம் என்று சொல்லக்கூடிய குயவர் வீட்டுப் பிள்ளைக்கு அந்த வாசல் எவ்வளவு தூரம்?

'அப்போ இந்த வேலையைக் குயவர்களுக்கே எழுதிக் கொடுக்கலாமா?' என்று தோழர்கள் கேட்கலாம். கூடாது. அது 1953இல் ராஜாஜி கொண்டுவந்த குலக்கல்வியைப் பின்வாசல் வழியாகக் கூட்டிவருவதாகும். நான் கேட்பது, தெரிந்த கைக்குப் பட்டமும் சம்பளமும். உப்பும் அமிலமும் பிசினும் பற்றிய பாடம் தமிழில். எந்தச் சாதிப் பிள்ளையும் உட்காரக்கூடிய ஆய்வுமேசை.

கீழடியில் தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகள் ஐம்பதுக்கும் மேல் கிடைத்தன. 2023இல் அருங்காட்சியகமும் திறந்தாச்சு. மேடையில் அந்த எழுத்தைக் காட்டிப் பழமை பேசுகிறோம். யாரோ ஒருவர் தன் பானையில் கீறி வைத்த பெயர் அது. பழகாத கை பிரஷ்ஷை நாலு தடவை அழுத்தித் தேய்த்தால் தேய்ந்துபோகும். பெருமைக்கு ஆள் குறைவில்லை. பிரஷ் பிடிக்க யாரைப் பழக்கியிருக்கிறோம்?