எம்.பி.எஸ். கையசைத்தால்

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும் நகரத்தார் கூட்டத்தில் ஒருமுறை நடந்தவர்களுக்குத் தெரியும்: நூறு தொண்டைகள் ஒரே மெட்டைப் பிடித்துவிட்டால் கால்வலி தெரியாது. காரைக்குடிப் பக்கத்துத் திருவாசக முற்றோதலும் அப்படித்தான். 658 பாடல்களும் ஒரே குரலாக ஓடும். சேர்ந்து பாடுவது நமக்குப் புதிதில்லை. சேர்ந்து பாடும்போதே ஆளுக்கொரு வழியில் போவதுதான் புதிது. அதைத் தமிழுக்குள் கொண்டுவந்தவர்களில் முதல் இடத்தில் நான் வைப்பது எம்.பி.சீனிவாசனை.

பெயரின் முதல் எழுத்து நம் சிவகங்கைச் சீமையின் மானாமதுரை. பிறந்தது 1925இல், சித்தூரில். இடதுசாரி இயக்கத்தோடு வளர்ந்தவர். நிமாய் கோஷ் இயக்கிய ‘பாதை தெரியுது பார்’ (1960) படத்துக்கு இசையமைத்தார். அதில் ஜெயகாந்தன் எழுதி, பி.பி.ஸ்ரீநிவாஸும் எஸ்.ஜானகியும் பாடிய ‘தென்னங்கீற்று ஊஞ்சலிலே’ ஒன்று போதும், அவர் எப்பேர்ப்பட்ட மெட்டுக்காரர் என்று சொல்ல. மலையாளத்தில் ஜேசுதாஸுக்கு முதல் திரைப் பாட்டைக் கொடுத்தவரும் அவரே. அடூர் கோபாலகிருஷ்ணனின் ‘சுயம்வரம்’, ‘எலிப்பத்தாயம்’ படங்களுக்கும் அவர்தான் இசை.

இத்தனை இருந்தும், அவருடைய ஆகப் பெரிய சாதனை 1970களின் தொடக்கத்தில் அவர் அமைத்த சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழு என்றே சொல்வேன். சினிமாவில் கோரஸ் என்றால் நாயகக் குரலுக்குப் பின்னால் ‘ஆ’ என்று நிற்பது. இங்கே கோரஸ்தான் நாயகன். பாரதி பாடல்களை அந்தக் குழு பாடக் கேட்க வேண்டும். காரைக்குடியை அடுத்த தேவகோட்டை ரஸ்தாவில் ஏவி.எம். எடுத்து 1947இல் வெளியான ‘நாம் இருவர்’ படத்தில் டி.கே.பட்டம்மாளின் ஒற்றைக் குரல் பாரதியை வீடுவீடாகக் கொண்டுசேர்த்தது. அதே பாரதியை எம்.பி.எஸ். பல குரல்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார்.

பங்கிடுவது சுலபமல்ல. நம் ராகத்துக்கு உயிர், சுரத்தை அசைத்துப் பாடும் கமகம். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது. அதன்மேல் இன்னொரு குரலை அடுக்கினால் இரண்டும் முட்டிக்கொள்ளும். மோகனம் இடம் கொடுக்கும். அதன் ஐந்து சுரங்களில் ச-க-ப ஒன்றாக ஒலித்தால் பளிச்சென்று ஒரு மலர்ச்சி. த-ச-க என்று மாற்றினால் அதே ராகத்துக்குள் மெல்லிய துயரம். ராகத்தை விட்டு ஒரு சுரம்கூட வெளியே போகாமலே இவ்வளவும் கிடைக்கிறது. எந்த ராகம் எவ்வளவு தாங்கும், எங்கே கமகத்தைக் குறைத்துச் சுரத்தை நேராகப் பிடிக்கச் சொல்வது என்ற தீர்ப்பில்தான் சேர்ந்திசை அமைப்பவரின் ரசனை தெரியும்.

அப்புறம், குழுவை நடத்துபவரின் அந்தக் கை. தொடையில் தாளம் போடும் கை இப்போது ஒலிக்கும் அடியைச் சொல்கிறது. கண்டக்டரின் கை வரப்போகும் அடியைச் சொல்கிறது. கை எழும்போதே பாடகர்கள் மூச்சை இழுத்துவிட வேண்டும், இல்லையென்றால் முதல் எழுத்தே சிதறிவிடும். 1824 மே 7 அன்று வியன்னாவில் ஒன்பதாவது சிம்பொனி அரங்கேறியபோது, காது கேளாத பீத்தோவனும் மேடையில் நின்று கையசைத்தார். பாடகர்களும் வாத்தியக்காரர்களும் பார்த்துப் பின்பற்றியதோ மிகாயேல் உம்லாவ்ஃபின் கையை. எழுதியவன் மேதையாகவே இருக்கட்டும், மேடையில் எல்லார் கண்ணும் ஒரு கையில் நிலைத்தாக வேண்டும்.

எம்.பி.எஸ்ஸின் கைக்கு அந்த அதிகாரம் சங்கீதத்தால் மட்டும் வந்ததாக நான் நினைக்கவில்லை. சென்னையில் திரை வாத்தியக் கலைஞர்களைச் சங்கமாகத் திரட்டியதில் முன்நின்றவர் அவர். பின்வரிசை வயலின்காரருக்கும் சேரவேண்டிய கூலிக்காகப் பேசிய மனிதர், பின்வரிசைக் குரலையும் அதே அக்கறையோடுதான் கேட்டிருப்பார்.

1988 மார்ச் 9 அன்று லட்சத்தீவில் அவர் காலமானார். அவர் வளர்த்த குழு அதற்குப் பிறகும் பாடிவந்தது. புதிதாகக் கேட்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: மெட்டைச் சுமக்கும் மேல்குரலை முதலில் விட்டுவிடுங்கள், அது எங்கும் போய்விடாது. அடியில் போகும் ஆண்குரலைப் பிடித்துக்கொண்டு இரண்டு சரணம் போங்கள். மேலே அதே வரி திரும்ப வரும். அடிக்குரல் மட்டும் வேறு சுரத்துக்கு இறங்கியிருக்கும். அந்த இறக்கத்தில் வரியின் பொருளே மாறுவதைக் கேட்பீர்கள்.